பல்வலிக்கு ஆண்டிபயாட்டிக் மருந்து: குழந்தைகளின் பல் சிகிச்சையில் மறைந்திருக்கும் ஆபத்து

ஜோர்ஜ்டவுன்: சனிக்கிழமை இரவு பத்து மணி. நான்கு வயதுப் பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. பாட்டி கிராம்பை நசுக்கிப் பல்லில் வைத்துப் பார்க்கிறார். வலி அடங்கவில்லை. அரசாங்கப் பல் கிளினிக் திங்கட்கிழமைதான் திறக்கும். "போன தடவை வாங்கிய ஆண்டிபயாட்டிக் மிச்சம் ஃபிரிட்ஜில் இருக்கிறதா பாரு" என்று அடுத்த அறையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது.

பினாங்குத் தீவின் அடுக்குமாடி வீடுகளிலும், செபராங் பிறையின் தோட்டத்து வீடுகளிலும் பெற்றோர்கள் பலரும் அறிந்த காட்சி இது. மறுநாள் திறந்திருக்கும் ஒரு தனியார் கிளினிக்கைத் தேடிப் போகிறார்கள். பிள்ளை வாயைத் திறக்க மறுக்கிறது. வெளியே கூட்டம் காத்திருக்கிறது. சில நிமிடங்களில் வலி நிவாரணியும், இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாட்டில் ஆண்டிபயாட்டிக் மருந்தும் கைக்கு வருகின்றன. மூன்று நாளில் வலி குறைகிறது. எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். பல்லில் இருந்த ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து அதே பல், அதே வலி, அதே மருந்து.

இந்தச் சுழற்சிதான் இன்று உலகெங்கும் பல் மருத்துவர்களிடையே, குறிப்பாகக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிப்பவர்களிடையே, கேள்விக்குள்ளாகியுள்ளது. தேவையில்லாத ஒவ்வொரு பாட்டிலும் கிருமிகளுக்கு அந்த மருந்தைத் தாங்கிப் பழக ஒரு வாய்ப்பைத் தருகிறது. அதன் விளைவு ஒரு நாள் அதே பிள்ளையின் உடலில் தெரியலாம்.

பத்தில் ஏழு பிள்ளைகள்

மலேசியச் சுகாதார அமைச்சு பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பற்களை நாடளாவிய அளவில் ஆய்வு செய்து வருகிறது. 2005-ஆம் ஆண்டு ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 76.2 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 2015-இல் அது 71.3 விழுக்காடாகக் குறைந்தது. பத்து ஆண்டுகளில் ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகள்கூடக் குறையவில்லை. முதலாம் ஆண்டுக்குப் போகத் தயாராகும் பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருடைய வாயில் சொத்தைப் பல் உண்டு என்பதே இதன் பொருள்.

"பால் பல்தானே, எப்படியும் விழுந்துவிடும்" என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னமும் உண்டு. ஆனால் பின்பக்கக் கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கக்கூடியவை. நான்கு வயதில் சொத்தையான பல் ஆறு, ஏழு ஆண்டுகள் அந்தப் பிள்ளையோடு இருக்கும். அத்தனை ஆண்டுகளும் வலி வரும்போதெல்லாம் ஆண்டிபயாட்டிக் கொடுத்துச் சமாளிப்பது என்றால் எத்தனை பாட்டில் என்று பெற்றோர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பல்லுக்குள் நடப்பது என்ன?

சொத்தை முதலில் பல்லின் கடினமான மேல்பூச்சை அரிக்கிறது. பிறகு அதன் கீழுள்ள மென்மையான பகுதிக்கு இறங்குகிறது. அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள பல்கூழ் இருக்கிறது. கிருமிகள் அதை நெருங்கியதும் அது வீங்குகிறது. சுற்றிலும் கடினமான சுவர் இருப்பதால் வீங்க இடமில்லை. அதனால்தான் பல்வலி அவ்வளவு கொடுமையாக இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஆண்டிபயாட்டிக் மருந்தால் வலி தீராது. பிள்ளை வேதனைப்படுவது அடைபட்ட அறைக்குள் ஏற்பட்ட வீக்கத்தால். பாராசிட்டமால் போன்ற வலி நிவாரணி, பிள்ளையின் எடைக்கேற்ற அளவில், தற்காலிகமாக உதவும். உண்மையான தீர்வு அந்தப் பல்லைத் திறந்து சுத்தம் செய்வது, பல்கூழுக்குச் சிகிச்சை அளிப்பது அல்லது பல்லைப் பிடுங்குவது.

கவனிக்காமல் விட்டால் பல்கூழ் இறந்துபோகிறது. வலி திடீரென்று நின்றுவிடும். "சரியாகிவிட்டது" என்று வீட்டில் நினைப்பார்கள். ஆனால் கிருமிகள் வேரின் வழியாக இறங்கிச் சீழ் கட்டும். ஈறில் சிறு கொப்புளம் தோன்றும். இங்கே ஒரு முக்கியமான உண்மை உண்டு. வாயால் விழுங்கும் மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் நோயுள்ள இடத்தைச் சேர வேண்டும். இறந்துபோன பல்கூழில் இரத்த ஓட்டம் இல்லை. சுற்றியுள்ள வீக்கத்தை மருந்து சில நாள் அடக்கும். கிருமிகளின் கூடு பல்லுக்குள் பத்திரமாக இருக்கும். மருந்து முடிந்ததும் அவை மறுபடியும் கிளம்பும்.

இதை வைத்துத்தான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் தன் வழிகாட்டியை வெளியிட்டது. உடல்நலமுள்ள பெரியவர்களுக்குப் பல்கூழ் வீக்கத்துக்கும், பல்லோடு நிற்கும் சீழுக்கும், உடனடியாகப் பல் சிகிச்சை கிடைக்குமானால், ஆண்டிபயாட்டிக் வேண்டாம் என்பது அதன் சாரம். குழந்தைப் பல் மருத்துவ வழிகாட்டிகளும் இதே நிலையில்தான் இருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆண்டிபயாட்டிக் கையேட்டில் பல் தொற்றுகளுக்கு என்றே தனிப் பகுதி உண்டு. பெரும்பாலான பல் பிரச்சினைகளுக்கு ஆண்டிபயாட்டிக் தேவையில்லை, பல்லுக்கான சிகிச்சையே முதன்மையானது என்று அது கூறுகிறது. மருந்து தேவைப்படும் வேளையிலும், நோயின் மூலத்தை அகற்றிவிட்டால் மூன்று நாள் போதும், அகற்ற முடியாவிட்டால் ஐந்து நாள் என்பது அதன் பரிந்துரை.

தேவைப்படும் வேளையும் உண்டு

இதைப் படித்துவிட்டு எந்தப் பெற்றோரும் ஆண்டிபயாட்டிக் மருந்தே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அது உயிர் காக்கும் மருந்து. பல்லிலிருந்து கிளம்பிய தொற்று முகத்துக்கும் கழுத்துக்கும் பரவினால் தாமதிக்கவே கூடாது.

காய்ச்சலோடு கன்னம் வீங்குவது, வீக்கம் கண்ணை நோக்கி ஏறுவது அல்லது தாடைக்குக் கீழே இறங்குவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கச் சிரமப்படுவது, மூச்சுத் திணறல், பிள்ளை சோர்ந்து தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள் காலைக்காகக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அப்போது ஆண்டிபயாட்டிக் கட்டாயம் தேவைப்படும். அதை நரம்பு வழியாகவும் ஏற்றுவார்கள்.

சில வகைக் கடும் இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு, ஈறில் இரத்தம் வரக்கூடிய பல் சிகிச்சைக்கு முன்பு ஒரு வேளை தடுப்பு மருந்து தருவது உண்டு. முன்பு இந்தப் பட்டியல் நீளமாக இருந்தது. அமெரிக்க இருதயச் சங்கம் 2007-இல் அதை மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய பிள்ளைகள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் பிள்ளைகள் ஆகியோரின் நிலையும் வேறு. இவர்களுக்கான முடிவைப் பல் மருத்துவரும் அவர்களைக் கவனிக்கும் மருத்துவரும் சேர்ந்து எடுப்பார்கள்.

இந்த மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு அது வேலை செய்ய வேண்டும். தேவையில்லாத பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அந்த உத்தரவாதம் குறைந்துகொண்டே போகும்.

கிருமிகள் பாடம் கற்கும் விதம்

நம் வாயிலும் குடலிலும் எண்ணற்ற கிருமிகள் வாழ்கின்றன. பெரும்பாலானவை நமக்கு உதவுபவை. ஒரு பிள்ளைக்கு அமோக்சிசிலின் கொடுக்கும்போது அந்த மருந்து சொத்தைப் பல்லை மட்டும் தேடிப் போவதில்லை. உடல் முழுவதும் உள்ள கிருமிகள் மீது படுகிறது. பலவீனமானவை சாகின்றன. மருந்தைத் தாங்கும் சில கிருமிகள் பிழைத்துப் பெருகுகின்றன. அந்தத் தாங்கும் திறனை மற்ற வகைக் கிருமிகளுக்கும் அவை கைமாற்றிவிடக்கூடும்.

நாளை அதே பிள்ளைக்குச் சிறுநீர்த் தொற்றோ, நிமோனியாவோ வரும்போது வழக்கமான மருந்து கேட்காமல் போகலாம். அடுத்த கட்ட மருந்துக்குப் போக வேண்டிவரும். அது விலை அதிகம், பக்க விளைவும் அதிகமாக இருக்கலாம், மருத்துவமனையில் தங்கவும் நேரலாம். எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமி வீட்டில் உள்ள தம்பி தங்கைக்கும் தாத்தா பாட்டிக்கும் பரவலாம். மருந்தே எடுக்காதவருக்கும் அந்தக் கிருமி வரும் என்பதுதான் இதில் உள்ள பெரிய அநியாயம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் உலகெங்கும் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இதோடு தொடர்புடைய இறப்புகள் 49 லட்சத்து 50 ஆயிரம். 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் கூடிய உலகத் தலைவர்கள் இந்த இறப்புகளை 2030-க்குள் 10 விழுக்காடு குறைக்க ஐ.நா. பொதுச் சபையில் உறுதி எடுத்தார்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே, தவறாகப் பயன்படுத்தினால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று எச்சரித்திருந்தார்.

உலக அளவில் மனிதர்களுக்கு எழுதப்படும் ஆண்டிபயாட்டிக் மருந்துகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பல் மருத்துவர்கள் எழுதுவது என்று மதிப்பிடப்படுகிறது. அனைத்துலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 2020-இல் இதற்காகவே ஓர் அறிக்கை வெளியிட்டு, பல் மருத்துவர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு என்று வலியுறுத்தியது.

பல் மருத்துவர்களுக்கு இது தெரியாதா?

தெரியும். இந்த விவகாரத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது. இந்தியா உட்படப் பல நாடுகளில் பல் மருத்துவர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்புகளில் ஒரே மாதிரியான முடிவு திரும்பத் திரும்ப வருகிறது. கிருமிகளின் எதிர்ப்புத் திறன் பெரிய பிரச்சினை என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் மருந்து தேவையில்லாத ஒரு நிலையை விவரித்து "என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டால், கணிசமானோர் ஆண்டிபயாட்டிக் எழுதுவதாகவே சொல்கிறார்கள். விழிப்புணர்வுக்கும் பழக்கத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது.

காரணங்களைத் தேடினால் அவை மனிதத்தன்மை கொண்டவையாகவே இருக்கின்றன. அழுது புரளும் நான்கு வயதுப் பிள்ளையின் வாயில் ஊசி போட்டுப் பல்லைத் திறப்பதற்குப் பயிற்சியும் பொறுமையும் நேரமும் வேண்டும். பொதுப் பல் மருத்துவர்கள் எல்லோருக்கும் அது கைவராது. குழந்தைப் பல் மருத்துவ நிபுணரிடம் அனுப்பினால் காத்திருக்க வேண்டிவரும். மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டிய சிகிச்சை என்றால் காத்திருப்பு இன்னும் நீளும். அதுவரை பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் மருத்துவருக்கும் உண்டு. "மருந்து எதுவும் தராமல் அனுப்பிவிட்டாரே" என்று பெற்றோர் குறைப்பட்டு வேறு கிளினிக்குக்குப் போய்விடுவார்கள் என்ற கவலையும் உண்டு.

சிகிச்சை கிடைக்காத இடத்தில் மருந்து நுழைகிறது என்பதற்கு இங்கிலாந்து நல்ல சாட்சி. கோவிட் காலத்தில் 2020-இல் அங்கே பல் கிளினிக்குகள் மூடப்பட்டன. தொலைபேசி வழி ஆலோசனையே பெரும்பாலும் நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை பல் மருத்துவர்கள் எழுதிய ஆண்டிபயாட்டிக் மருந்துச் சீட்டுகள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 25 விழுக்காடு கூடின. மருத்துவர்களின் அறிவு நான்கு மாதத்தில் குறைந்துவிடவில்லை. பல்லைத் தொட முடியாத நிலையில் மருந்து மட்டுமே கையில் இருந்தது.

ஆகவே கருத்தரங்கு நடத்தி, சுவரொட்டி ஒட்டி மட்டும் இதைத் தீர்க்க முடியாது. வலியோடு வரும் பிள்ளைக்கு அன்றைக்கே அல்லது மறுநாளே பல் சிகிச்சை கிடைக்க வழி செய்தால்தான் தேவையற்ற மருந்து குறையும்.

பினாங்கின் பெருமையும் இடைவெளியும்

குழந்தைகளின் பல் நலத்தில் பினாங்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1949-இல் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி இங்கேதான் தொடங்கப்பட்டது. நியூசிலாந்தின் முறையைப் பின்பற்றிய அந்தப் பள்ளியில் அண்டை நாடுகளைச் சேர்ந்தவர்களும் வந்து பயின்றார்கள். பள்ளி மாணவர்களின் பற்களைக் கவனிக்கும் தாதியர்கள் அங்கிருந்துதான் நாடெங்கும் போனார்கள். இன்று அவர்கள் பல் சிகிச்சையாளர்கள் என்று அழைக்கப்படுகிறார்கள். தமிழ்ப்பள்ளிக்கு வெள்ளைச் சீருடையில் வந்து நாற்காலியை விரித்துப் பல் பார்த்த "பல் மிஸ்ஸி" பலருடைய பால்ய நினைவில் இருப்பார்.

மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும் என்ற குரலும் பினாங்கிலிருந்து நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செயல்படுகிறது. மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் இருந்த காலத்திலேயே மருந்துகளின் தவறான பயன்பாட்டையும், கோழி, பன்றிப் பண்ணைகளில் ஆண்டிபயாட்டிக் கலப்பதையும் அது கேள்வி கேட்டது. பினாங்கைத் தளமாகக் கொண்ட மூன்றாம் உலக வலையமைப்பு அனைத்துலக அரங்குகளில் இதே பிரச்சினையை எழுப்பி வருகிறது. கடைசிக் கட்ட மருந்தாகக் கருதப்படும் கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை மலேசியா 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. பண்ணையில் கட்டுப்பாடு கொண்டுவர முடிந்த நாட்டில், பிள்ளையின் பல்வலிக்கும் ஒழுங்கு கொண்டுவர முடியாதா என்ற கேள்வி நியாயமானது.

இன்றைய நிலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பல் சேவை இலவசம். சிக்கலான நிலையில் உள்ள பிள்ளைகளைக் கவனிக்கப் பினாங்கு மருத்துவமனையில் குழந்தைப் பல் மருத்துவப் பிரிவு உண்டு. ஆனால் சேவை இருப்பதும் அது எட்டும் தூரத்தில் இருப்பதும் வேறு வேறு. நிபோங் திபால், சுங்கை பாக்காப் பகுதித் தோட்டங்களில் வாழும் குடும்பத்துக்கு ஜோர்ஜ்டவுன் வந்து போவது ஒரு முழு நாள் வேலை. நாள் கூலிக்குப் போகும் தகப்பனுக்கு அது ஒரு நாள் சம்பளம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் தாய்க்கு விடுப்புக் கிடைக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கும் திறந்திருக்கும் பக்கத்துக் கிளினிக் மருந்து தந்தால் அதைக் குறை சொல்ல அந்தப் பெற்றோருக்கு மனம் வராது.

பள்ளிக்குப் போகும் முன்பே பல் கெட்டுவிடுகிறது என்பது இன்னோர் இடைவெளி. பள்ளிப் பல் சேவை ஏழு வயதில் பிள்ளையைப் பிடிக்கிறது. ஐந்து வயதிலேயே பத்தில் ஏழு பேருக்குச் சொத்தை. பாலர் பள்ளிகளுக்கும் பல் சேவை போகிறது என்றாலும், பாலர் பள்ளிக்கே போகாத பிள்ளைகளும், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளும் பெற்றோர் கூட்டிப் போனால்தான் உண்டு.

சட்டம் இருக்கிறது, கணக்கு இல்லை

மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின்படி ஆண்டிபயாட்டிக் மருந்தை மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் விற்கக் கூடாது. இந்த விஷயத்தில் நாம் பல நாடுகளைவிட மேலான நிலையில் இருக்கிறோம். சுகாதார அமைச்சு தேசிய ஆண்டிபயாட்டிக் வழிகாட்டியை வெளியிட்டுள்ளது. குழந்தைகளுக்குப் பல்லிலிருந்து முகத்துக்குப் பரவும் தொற்றை எப்படிக் கையாள வேண்டும் என்று தனி வழிகாட்டியே உண்டு. கிருமிகளின் எதிர்ப்புத் திறனுக்கு எதிரான தேசியச் செயல்திட்டம் 2017 முதல் 2021 வரையிலும், பிறகு 2022 முதல் 2026 வரையிலும் வகுக்கப்பட்டது.

ஆனால் மலேசியாவில் தனியார் கிளினிக்குகள் மருந்தை எழுதவும் செய்கின்றன, விற்கவும் செய்கின்றன. நோயாளிக்கு இது வசதி. ஒரே இடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதே வேளையில் எழுதியதைச் சரிபார்க்கும் இரண்டாவது கண் அங்கே இல்லை. பெரிய மருத்துவமனைகளில் எந்த நோய்க்கு எந்த மருந்து, எத்தனை நாள் என்று கண்காணிக்க மருந்தாளர்களும் மருத்துவர்களும் கொண்ட குழுக்கள் இருக்கின்றன. ஒருவர் மட்டும் நடத்தும் பல் கிளினிக்கில் அப்படி யாரும் இல்லை. பல் மருத்துவரே தம்முடைய பதிவுகளை எடுத்துப் பார்த்தால் ஒழிய, போன மாதம் எத்தனை பிள்ளைகளுக்கு ஆண்டிபயாட்டிக் தந்தோம், அதில் எத்தனை பேருக்கு உண்மையில் தேவைப்பட்டது என்பது தெரியாது.

இங்கிலாந்தில் பல் மருத்துவர்கள் தங்கள் மருந்துச் சீட்டுகளைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள எளிய படிவங்கள் உள்ளன. காய்ச்சல் இருந்ததா, வீக்கம் பரவியிருந்ததா, பல்லுக்கு அன்றே சிகிச்சை செய்யப்பட்டதா என்ற சில கேள்விகள் போதும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. மாநிலத்தில் உள்ள அரசாங்க, தனியார் பல் மருத்துவர்கள் இதை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்தால், வெறும் விழிப்புணர்வு நடைமுறையாக மாறும்.

பெற்றோர்கள் கேட்க வேண்டியவை

மருத்துவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் நம்மவர்களிடம் அதிகம். பணிவாகக் கேட்கலாம். நல்ல மருத்துவர்கள் அதை வரவேற்பார்கள்.

முதலாவது, "இந்த வலிக்கு ஆண்டிபயாட்டிக் அவசியமா, டாக்டர்? வலி மருந்து மட்டும் போதுமா?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, "இந்தப் பல்லுக்குச் சிகிச்சை எப்போது? இங்கே முடியாவிட்டால் யாரிடம் போக வேண்டும்?" என்று கேட்டு, பரிந்துரைக் கடிதமும் தேதியும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். மருந்து தந்தாலும் தராவிட்டாலும் இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, மருந்தின் பெயர், எத்தனை மில்லிலிட்டர், எத்தனை வேளை, எத்தனை நாள் என்பது லேபிளில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளுக்கான அளவு எடையைப் பொறுத்தது. அண்ணனுக்குத் தந்ததைத் தம்பிக்குத் தரக் கூடாது. சொன்ன நாள்களுக்குச் சரியாகக் கொடுங்கள். நடுவில் நிறுத்துவதோ நீட்டிப்பதோ உங்கள் முடிவாக இருக்க வேண்டாம். சொறி, கடும் வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான்காவது, மிச்சம் வைக்காதீர்கள். தண்ணீர் கலந்து தரப்படும் பாட்டில் மருந்து குறுகிய காலமே தாங்கும். அடுத்த வலிக்கு என்று எடுத்து வைத்தால் அது பலனும் தராது, கிருமிகளுக்குப் பயிற்சியாகவும் அமையும்.

ஐந்தாவது, வலி நின்றுவிட்டது என்பதற்காகச் சிகிச்சைத் தேதியைத் தவறவிடாதீர்கள். வலி நிற்பது சில வேளை பல்கூழ் இறந்துவிட்டதன் அடையாளம்.

பல்லைப் பிடுங்காமலும் வழி உண்டு

ஊசிக்கும் இயந்திரச் சத்தத்துக்கும் பயப்படும் சிறு பிள்ளைகளுக்கு இப்போது எளிய முறைகள் வந்துள்ளன. ஆரம்பநிலைச் சொத்தையின் மீது வெள்ளி கலந்த ஃபுளோரைடு திரவத்தைத் தடவி அது மேலும் பரவாமல் நிறுத்தலாம். குடைய வேண்டாம், ஊசி வேண்டாம். சொத்தை கறுத்துப் போகும் என்பதே அதன் குறை. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கடைவாய்ப் பால் பல்லுக்கு, அதைக் குடையாமலே மேலே உலோகத் தொப்பி மாட்டும் முறையும் உண்டு. வலி வருவதற்கு முன்பு போனால்தான் இந்த வழிகள் திறந்திருக்கும். உங்கள் பிள்ளைக்கு இவை பொருந்துமா என்று பல் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், வீட்டில் செய்ய வேண்டியது இருக்கிறது. டின் பால் கலந்த பாட்டிலை வாயில் வைத்தபடியே பிள்ளையைத் தூங்க விடுவதைக் கைவிட வேண்டும். இரவு பல் துலக்கிய பின் தண்ணீர் மட்டும் போதும். முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃபுளோரைடு உள்ள பற்பசையைக்கொண்டு பெரியவர்கள் துலக்கிவிட வேண்டும். மூன்று வயது வரை அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். முதல் பிறந்தநாளை ஒட்டி ஒரு முறை பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனால், பிள்ளைக்கு அந்த இடம் வலியோடு மட்டும் நினைவில் நிற்காது.

யார் என்ன செய்யலாம்?

சுகாதார அமைச்சு வார இறுதியிலும் மாலையிலும் குழந்தைகளின் அவசரப் பல் சிகிச்சைக்கு மாவட்டத்துக்கு ஓர் இடத்தையாவது ஏற்பாடு செய்வதைப் பரிசீலிக்கலாம். தீவுக்கு வர முடியாத தோட்டப்புறக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி. பள்ளிக்கு முந்தைய வயதில் சொத்தையைக் கண்டுபிடிக்க, தடுப்பூசி போட வரும் நாளிலேயே பிள்ளையின் வாயையும் பார்ப்பதை விடாமல் செய்யலாம்.

பினாங்கில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஆலய நிர்வாகங்கள், மகளிர் அமைப்புகள் ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 18 முதல் 24 வரை அனுசரிக்கப்படும் உலகக் கிருமி எதிர்ப்புத் திறன் விழிப்புணர்வு வாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு பல் சிகிச்சையாளரையும் ஒரு மருந்தாளரையும் அழைத்து, தமிழில் ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் போதும். கூடவே பல் பரிசோதனையும் நடந்தால், பேச்சோடு சிகிச்சைக்கும் வழி கிடைக்கும்.

பல் மருத்துவர்கள் மருந்து எழுதுமுன் தங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இது பிள்ளையின் தொற்றுக்காகவா, பிள்ளையின் அழுகைக்காகவா? அழுகைக்காக என்றால், பெற்றோரிடம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து விளக்குவதும், சிகிச்சைக்கு நெருங்கிய தேதி வாங்கித் தருவதும்தான் அந்தப் பிள்ளைக்கு உதவும்.

சனிக்கிழமை இரவில் அழும் பிள்ளைக்கு வலி மருந்தும், திங்கட்கிழமை காலையில் ஒரு பல் மருத்துவ நாற்காலியும் வேண்டும். அந்த நாற்காலி உறுதியாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை பெற்றோருக்கு வந்துவிட்டால், ஃபிரிட்ஜில் மிச்ச மருந்தைத் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது.